வேண்டாதவற்றோடு ஒன்று

பழுதாகிப்போன ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிப் புதியதை மாட்டி, பேக்கப்பிலிருந்து எல்லாவற்றையும் இறக்கி முடித்ததும் பேச்சிராஜ் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினான். தங்கையின் கல்யாண வீடியோ வந்திருந்தது. முன்பு குடியிருந்த வீட்டின் கரண்ட் பில்கள்கூட வந்திருந்தன. பிரேமலதா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே திரையில் மேலும் கீழும் தேடினாள்.

"என் ஃபோல்டர் எங்கங்க? பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க பேசுன பதிவெல்லாம்?"

"அது மட்டும் பேக்கப்ல சரியா விழல போல."

பொய். பாளையங்கோட்டையில் ஒரு நகைக்கடையின் கணினிகளைப் பார்த்துக்கொள்கிறவன் அவன். வீட்டுக் கணினியையும் மணிக்கொரு தடவை உள்ளதை உள்ளபடி ஸ்னாப்ஷாட் எடுத்து, இன்னொரு டிஸ்க்கில் நகல் வைக்கும்படி செய்திருந்தான். போன வருடம் அந்த டிஸ்க் நிரம்பி வழியவே, நகலுக்கு வேண்டாதவை என்று சிலவற்றை விலக்கினான். குப்பைத்தொட்டி, இறக்கி வைத்த சினிமாக்கள், அவற்றோடு பிரேமலதாவின் ஃபோல்டர். பேச்சு வராத பிள்ளைகளுக்குப் பேசக் கற்றுக்கொடுக்கிற பள்ளியில் அவள் டீச்சர். ஒவ்வொரு பிள்ளையும் ஒரு எழுத்தோடு மல்லுக்கட்டுவதைப் பதிவு செய்து சேர்த்துக்கொண்டே வந்தாள். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவேண்டும் என்றுகூட அவனுக்குத் தோன்றவில்லை. வெறும் கூச்சல், இடத்தை அடைக்கிறது என்று நினைத்தான். அவ்வளவுதான்.

"நாந்தான் ஒரு பென்டிரைவுலயாவது போட்டு வச்சிருக்கணும். உங்கள சொல்லி என்ன செய்ய?" என்று அவள் உள்ளே போனாள். இப்போதாவது சொல்லிவிடலாம் என்று எழுந்தான். அடுக்களையில் அவள் முதுகுதான் தெரிந்தது. தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டுத் திரும்பினான்.

ஞாயிற்றுக்கிழமை மணிமுத்தாறிலிருந்து ஸ்டெபியின் அம்மா வந்தாள். ஸ்டெபி, பிரேமலதாவின் வகுப்புப் பிள்ளை. வகுப்பில் முதல்முறையாக 'அம்மா' என்று சொன்ன அதே வாரம் காய்ச்சலில் படுத்தவள், எழுந்திருக்கவில்லை. பெற்றவள் அந்தச் சொல்லைக் காதால் கேட்கவே இல்லை. துக்கத்துக்குப் போனபோது பிரேமலதாதான் அவள் கையைப் பிடித்துச் சொல்லியிருந்தாள்: "பிள்ள குரல் எங்கிட்ட இருக்குக்கா. எங்க வீட்டுக்காரவ எல்லாத்தையும் நகல் எடுத்து வைக்காவ. எதுவும் போவாது."

அதை நம்பித்தான், குரலைப் பதிந்துகொள்ளப் போனை எடுத்துக்கொண்டு பஸ் ஏறி வந்திருக்கிறாள். பேச்சிராஜ் உள்ளறையில் சட்டைப் பொத்தானைப் போட்டபடி நின்றான். கூடத்தில் மனைவியின் குரல் கேட்டது.

"மன்னிச்சிருங்கக்கா. நான் பத்திரமா வைக்கல. என் தப்புதான்."

அதற்குமேல் அவனால் நிற்க முடியவில்லை. வெளியே வந்தான்.

"அவ தப்பு இல்லம்மா. நாந்தான். இடம் பத்தலன்னு, வேண்டாத சாமானோட சேத்து ஒதுக்கிட்டேன். அவகிட்டயும் பொய் சொல்லிட்டேன்."

பிரேமலதா அவனைப் பார்த்தாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பான். அவள் மெல்லத் தலையைத் திருப்பிக்கொண்டாள்.

ஸ்டெபியின் அம்மாவுக்கு முழுதும் விளங்கவில்லை. இல்லை என்பது மட்டும் விளங்கிற்று. கையிலிருந்த போனை மடியில் கவிழ்த்து வைத்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

"டீச்சர் இங்கனதான போட்டுக் கேப்பாவ. நீங்க கேட்டிருக்கியளா சார்?"

கேட்டிருக்கிறான். பிரேமலதா சந்தோஷத்தில் அதைத் திரும்பத் திரும்ப ஓடவிட்ட அன்று, 'தலை வலிக்கி, கதவைச் சாத்து' என்று எரிந்து விழுந்திருக்கிறான்.

"கேட்டிருக்கேன்."

"எப்பிடிச் சொன்னா? அவ சொன்ன மாதிரியே ஒருக்கச் சொல்லுங்க."

அவன் மனைவியைப் பார்த்தான். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வேறு வழியில்லை. 'அ' என்று தொடங்கி உதடுகளைச் சேர்த்தான். 'ம்' மட்டும் நீளமாக வந்தது; அடுத்த 'மா'வுக்கு மூச்சு போதவில்லை. எதிரே அந்த அம்மாள் அவன் வாயையே பார்த்தபடி, தானறியாமல் தன் உதடுகளையும் சேர்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.