கழுத்தோரச் சிவப்பு

நாட்டின் நட்டநடுவில் இருக்கும் வில்ஸெக் ஊரில், மேயர் தோளில் குறுக்காகப் போடும் மூவண்ணப் பட்டையை, நீலம் கழுத்தோரம் வரும்படி அணிந்து சடங்கை நடத்தினால் அது திருமணம். சிவப்பு கழுத்தோரம் வந்துவிட்டால் அது மசோதா.

அர்மான் துவால் பல காலம் பாரிஸ் நாடாளுமன்றத்தில் வலதுபக்க இருக்கையில் இருந்தவர். அங்கே சிவப்புதான் கழுத்தோரம். ஒருவர் இரண்டு பதவி வகிக்க முடியாது என்றானபோது, நாடாளுமன்றத்தை விட்டு ஊரின் மேயராக வந்துவிட்டார். மகள் எலோயிஸின் எந்தப் பிறந்தநாளுக்கும் அவர் வீட்டில் இருந்ததில்லை. அப்படியும் தன் திருமணத்தை அப்பாதான் நடத்திவைக்க வேண்டும் என்று அவள் கேட்டாள். அந்த நன்றியில் கண் கலங்கியபடி பட்டையை மாட்டிக்கொண்டார். கை பழைய பழக்கத்துக்குப் போனது.

"கணவன் மனைவி என அறிவிக்கிறேன்" என்றார்.

"அப்பா, சிவப்பு" என்றாள் எலோயிஸ்.

மாப்பிள்ளை பஸ்தியான் மோதிரத்தைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டான். மசோதா மதிய ரயிலில் பாரிஸுக்குப் போனது. அது தோற்றால் இருவரும் சந்தித்ததே இல்லை என்றாகிவிடும். விருந்தினர்கள் கோட்டுகளைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார்கள்.

அர்மான் தன் கட்சிக்குத் தொலைபேசினார். எதிர்த்து வாக்களிப்போம் என்றார்கள். புதிதாக வரும் எதையும் எதிர்க்க அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். பிறகு இடதுபக்கம் உட்காரும் மாதாம் லெபிக்கை அழைத்தார்.

"துவால், என் பள்ளிக்கூட மசோதாவைத் தூங்கிக்கிட்டே தோற்கடிச்சீங்களே, ஞாபகம் இருக்கா?"

"குறட்டையும் விட்டேன்."

"எங்க பக்கம் வரைக்கும் கேட்டுச்சு. பொண்ணுகிட்ட குடுங்க."

எலோயிஸ் நெடுநேரம் பேசினாள். நடுவில் ஒருமுறை சிரித்தாள். "உனக்கு என்னம்மா வேணும்?" என்று அந்த அம்மாள் கேட்பது அர்மானின் காதில் விழுந்தது. தான் அதைக் கேட்டதே இல்லை என்று நினைத்துக்கொண்டார்.

மாலை ரயிலில் மசோதா நிறைவேறி வந்தது. ஒரே ஒரு திருத்தம்: மணமக்களின் ஊர் இனிக் கடற்கரையில் இருக்கும்.

பஸ்தியான் மோதிரத்தை வெளியே எடுத்தான்.

"கடல் வேணும்னு நீ சொன்னதே இல்லையே" என்றார் அர்மான்.

"சின்ன வயசுல சொன்னேன். அன்னைக்கு உங்களுக்கு வாக்கெடுப்பு."

அவள் அவருடைய பட்டையைக் கழற்றி, நீலம் கழுத்தோரம் வர மாட்டிவிட்டாள். நன்றி சொல்ல அவர் மறுபடி பாரிஸை அழைத்தார். அலைச்சத்தத்தில் மாதாம் லெபிக்கின் குரல் சரியாகக் கேட்கவில்லை. இருந்தாலும் சொல்ல வேண்டியதை முழுக்கச் சொல்லி முடித்தார்.

ரொட்டிக்கடை வாசல்வரை தண்ணீர் வந்திருந்தது. விருந்தினர்கள் காலணிகளைக் கையில் எடுத்துக்கொண்டார்கள். முதல் கப்பலை வரவேற்க மேயர் படியிறங்கினார்.