கண்ணாடிக் கடைக்காரனின் பாட்டி

“பெரியபாட்டி ஏம்ப்பா நீ வந்தா மட்டும் கண்ணாடி போட்டுக்கறாங்க?”

குட்டி இதைக் கேட்டபோது அவளுக்கு ஆறு வயது. அப்பாவின் தோளில் தொங்கிக்கொண்டு, வாய் நிறைய பிஸ்கட்டோடு கேட்டாள். அவள் அப்பா கண்ணாடிக் கடைக்காரன். கீழே கடை, மேலே வீடு. கண் பரிசோதிப்பது, லென்ஸ் தேய்ப்பது, ஃபிரேமில் பொருத்துவது எல்லாம் அவன் ஒருவனே. அந்த வட்டாரத்தில் பாதி மூக்குகளின் மேல் உட்கார்ந்திருப்பது அவன் கைபட்ட கண்ணாடிதான்.

“அது அப்பா செஞ்ச கண்ணாடி இல்லையா. அப்பாவைப் பாத்ததும் பெரியபாட்டிக்குப் பெருமை வந்துடும். அதான்.”

“அப்ப நீ போனதும் பெருமை போயிடுமா?”

அவன் வயிறு குலுங்கச் சிரித்தான். அதோடு விடவில்லை. அந்தக் கேள்வியைக் கொஞ்சம் மெருகேற்றி, தன் கதையாகவே ஆக்கிக்கொண்டான். ஃபிரேம் கொண்டுவரும் விற்பனைக்காரரிடம் சொன்னான். கண்ணாடி போட்டுக்கொள்ள அடம்பிடிக்கும் முதியவர்களிடம் சொன்னான். “எங்க பாட்டி என் காலடிச் சத்தம் கேட்டாலே கண்ணாடியை எடுத்து மாட்டிக்குவாங்க. அவ்வளவு மதிப்பு அதுக்கு.” கேட்டவர்கள் உருகிப்போனார்கள். வியாபாரமும் கொஞ்சம் நடந்தது.

அவன் பொய் சொல்லவில்லை. நம்பித்தான் சொன்னான். அன்பை நம் வசதிக்கு ஏற்றபடி புரிந்துகொள்வதில் நமக்கெல்லாம் ஒரு தனித் திறமை உண்டு.

அவனுடைய பாட்டி, குட்டிக்குப் பெரியபாட்டி, முப்பது வருடத்துக்கு மேல் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துபவராக வேலை பார்த்தவர். அவனையும் அவன் தங்கையையும் வளர்த்து ஆளாக்கியது அந்தச் சம்பளம்தான். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் செய்தித்தாளை முதல் வரியிலிருந்து கடைசியில் இருக்கும் அச்சகத்தின் முகவரி வரை விடாமல் படிப்பார். நடுவில் யார் கூப்பிட்டாலும் காதில் விழாது. ஆனால் சில வருடங்களாக அந்தப் பழக்கம் நின்றுபோயிருந்தது. “செய்தியில என்னடா இருக்கு, அதே ஆளு, அதே சண்டை” என்று தள்ளிவிட்டார். குட்டி எழுத்துக் கூட்டிப் படிக்க ஆரம்பித்ததும் தாளை அவள் மடியில் வைத்து, “எங்கே, சத்தமாப் படி பாக்கலாம்” என்பார். கொள்ளுப்பேத்திக்குப் படிப்புச் சொல்லித் தருகிறார் என்று வீடே மெச்சிக்கொண்டது. மாடிப்படியில் இறங்கும்போது ஒரு கை சுவரைத் தடவிக்கொண்டே வரும். அதை வயதின் கணக்கில் எழுதிவிட்டார்கள்.

பாட்டிக்கு எண்பது வயது நிறைந்தபோது தங்கைதான் விழா எடுத்தே தீரவேண்டும் என்று நின்றாள். அவளுக்கு வீட்டில் பெயர் வாயாடி. அவள் நினைத்தால் நினைத்ததுதான். அச்சகத்தில் எடுத்த பழைய குழுப்படம் ஒன்றை எங்கிருந்தோ தேடிப் பிடித்து, அதில் பாட்டியை மட்டும் தனியாக எடுத்து, ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கிச் சட்டம் போட்டுக் கொண்டுவந்தாள். இருபத்தைந்து வயதுப் பாட்டி. மேசையில் குவிந்த தாள்கள், காதில் செருகிய பேனா, ‘என்னை ஏமாற்றிவிட முடியுமா’ என்று கேட்பது போல ஒரு பார்வை.

கூடத்தில் உறவும் அக்கம்பக்கமும் நிறைந்திருந்தது. அவனைப் பேசச் சொன்னார்கள். வேறு என்ன பேசுவான், கண்ணாடிக் கதையைத்தான் எடுத்துவிட்டான். இந்த முறை குரல் தழுதழுத்தது. கைதட்டினார்கள். பக்கத்து வீட்டு டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பாட்டி நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணாடி போட்ட முகத்தோடு, தரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

பிறகு படத்தின் மேலிருந்த துணியை விலக்கினார்கள்.

பாட்டி எழுந்து போய் அதன் முன்னால் நின்றார். தலையை இந்தப் பக்கம் சாய்த்தார், அந்தப் பக்கம் சாய்த்தார். “யாருடி இந்தப் பொண்ணு? நம்ம குடும்பத்துல இவ்வளவு லட்சணமா யாரும் இருந்ததில்லையே,” என்றார்.

கூடமே சிரிப்பில் குலுங்கியது. “கிழவிக்குக் குசும்பு இன்னும் குறையல,” என்றாள் வாயாடி. ஒரு நொடி திகைத்த பாட்டியும் கூடச் சேர்ந்து சிரித்தார்.

அந்த ஒரு நொடி அவன் கண்ணில் பட்டது. ஆனாலும் அவனும் சிரித்தான்.

எல்லோரும் சாப்பிட மொட்டை மாடிக்குப் போனார்கள். நாற்காலி போதவில்லை என்று அவன் மட்டும் இறங்கி வந்தான். கூடத்தின் வாசலில் கால் நின்றது. பாட்டி தனியாகப் படத்தின் முன்னால் நின்றிருந்தார். கண்ணாடியைக் கழற்றி, முந்தானையில் செருகிக்கொண்டார். மூக்கு படத்தில் இடிக்கும் அளவுக்குக் கிட்டத்தில் போனார். விரலால் தாள்களைத் தடவி, பேனாவைத் தடவி, முகத்துக்கு வந்து நின்றார்.

“அட, நான்தானா,” என்றார் மெதுவாக.

அவன் நாற்காலி எடுக்காமலே திரும்பிப் போனான். “எங்கேங்க நாற்காலி?” என்று மனைவி கேட்டாள். எதற்காக இறங்கினான் என்பதே அவனுக்கு மறந்துபோயிருந்தது.

மறுநாள் காலை, கடை திறக்கும் முன், பாட்டியிடம் போய் நின்றான்.

“பாட்டி, பவர் பாக்கற மெஷின் கொஞ்சம் தகராறு பண்ணுது. யாரையாவது உக்கார வச்சுப் பாத்தாத்தான் தெரியும். கீழே வர்றீங்களா?”

“என் கண்ணு எதுக்குடா. எனக்குத்தான் எல்லாம் பளிச்சுனு தெரியுதே.” கை தானாகக் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டது.

“உங்க கண்ணுக்கு இல்ல பாட்டி. மெஷினுக்கு.”

“மெஷினுக்குன்னா வரேன். தொழில் படுத்துடக் கூடாது.”

அவர் கையைப் பிடித்துப் படியிறக்கினான். எத்தனையோ பேரின் பாட்டிகளை அந்த நாற்காலியில் உட்காரவைத்திருக்கிறான். முதியோருக்கு இலவசக் கண் பரிசோதனை என்று வருடத்துக்கு ஒருநாள் நடத்துவான். அன்றைக்கு வரிசையில் நிற்பவர்களுக்கெல்லாம் தண்ணீர் ஊற்றிக் கொடுப்பவர் பாட்டிதான். டம்ளர் விளிம்பில் ஒரு விரலை உள்ளே மடக்கிப் பிடித்து ஊற்றுவார். தண்ணீர் விரலில் பட்டதும் நிறுத்துவார். அதை அவன் பார்த்திருக்கிறான். அது எதற்கென்று இப்போதுதான் தெரிந்தது.

பாட்டியின் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தான். சோதனை ஃபிரேமை மாட்டி, ஒரு கண்ணை மறைத்து, ஒவ்வொரு லென்சாகப் போட்டுப் பார்த்தான். வலது கண் மிகவும் பலவீனம். அதற்குக் கனமான லென்ஸ் வேண்டியிருந்தது. இடது கண் அவ்வளவு மோசமில்லை. அதற்கு அதைவிட லேசானது போதும். இரண்டையும் சேர்த்துப் போட்டதும் பாட்டி எழுத்து அட்டையின் கடைசி வரி வரை தடங்கலில்லாமல் இறங்கினார். வரி தீர்ந்தும் வாய் நிற்கவில்லை. சுவரில் இருந்த கடை அறிவிப்பைப் படிக்கத் தொடங்கிவிட்டார்.

“ஏண்டா, இதுல ஒரு எழுத்து விட்டுப்போயிருக்கே. யாரு அடிச்சது?”

கடை திறந்த நாளிலிருந்து அங்கே தொங்கும் அறிவிப்பு அது. பாட்டி அதன் எதிரில் எத்தனையோ முறை உட்கார்ந்திருக்கிறார்.

“மாத்திடறேன் பாட்டி,” என்றான்.

பழைய கண்ணாடியை எடுத்து அளவு பார்க்கும் கருவியில் வைத்தான். கனமான லென்ஸ் இடது பக்கம் இருந்தது. லேசானது வலது பக்கம். வயது போகப் போகப் பார்வையின் அளவு கூடும், குறையும். பக்கம் மாறாது.

எதிரில் உட்கார்ந்திருப்பவரின் வலது, பார்ப்பவனுக்கு இடது. இந்தத் தொழிலுக்கு வருகிறவனுக்கு முதன்முதலில் சொல்லித் தருவது அதுதான். கடை திறந்த அன்றைக்கு, முதல் கண்ணாடி பாட்டிக்குத்தான் என்று பிடிவாதம் பிடித்து, வந்திருந்த கூட்டத்தின் நடுவே அவரை உட்காரவைத்து அளவெடுத்தான். வாய் ஓயாமல் பேசியது. தன் வலது கைப்பக்கம் இருந்ததை வலது என்று குறித்துக்கொண்டான். கண்ணாடி தயாரானதும் எல்லோர் முன்னிலும் அவனே மாட்டிவிட்டான். “எப்படி இருக்கு பாட்டி?” பாட்டி ஒருகணம் நாற்காலியின் கையை இறுகப் பிடித்தார். “பளிச்சுனு இருக்குடா,” என்றார். அதைக் கேட்டு அன்றே நான்கைந்து பேர் கண்ணாடிக்குச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

‘தரை ஆடுகிறது’ என்று அன்றைக்கு அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், வந்தவர்கள் அப்படியே திரும்பியிருப்பார்கள். மறுநாள் சொல்லியிருக்கலாம். ஆனால் மறுநாள் அவன், பாட்டிக்கே பளிச்சென்று தெரிகிறதாம் என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான். பிறகு எப்படிச் சொல்வது? இன்னொரு கடைக்குப் போய் வேறு கண்ணாடி வாங்குவதும் முடியாது. கண்ணாடிக் கடைக்காரனின் பாட்டி அடுத்த கடைக்குப் போனால் ஊர் என்ன சொல்லும்? வாழ்நாள் முழுவதும் ஒரு பிழையையும் தப்பவிடாத மனுஷி, பேரனுடைய பிழையை மூக்கின் மேல் சுமந்துகொண்டு ஆறு வருடம் வாய் திறக்காமல் இருந்துவிட்டார். அவன் எதிரில் மட்டும் மாட்டிக்கொண்டார், அவன் மனம் நோகாமல் இருக்க. அதைத்தான் அவன் மேடைபோட்டுப் பெருமையாகச் சொன்னான். கைதட்டலும் வாங்கினான்.

அவன் திரும்பி நின்று லென்ஸ் பெட்டியை அடுக்குவது போல அடுக்கினான். அடுக்கியதையே மறுபடி கலைத்து அடுக்கினான்.

“பாட்டி… கடை திறந்த அன்னைக்கு நான்…”

“மெஷின் சரியா இருக்கா, அதைச் சொல்லு.”

“பாட்டி, நான் சொல்ல வந்தது…”

“நான் கேட்டதுக்குப் பதில் சொல்லுடா. சரியா இருக்கா இல்லையா?”

அவன் திரும்பிப் பார்த்தான். சோதனை ஃபிரேமின் கனத்த வளையங்களுக்குள்ளிருந்து பாட்டி அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

“சரியா இருக்கு,” என்றான்.

“அப்ப சரி. உனக்குக் காதோரம் நரைச்சிருக்குடா. இது எப்போலேருந்து?”

சோதனை ஃபிரேமைத் தானே கழற்றி அவன் கையில் கொடுத்துவிட்டு, பாட்டி பழைய கண்ணாடியை மாட்டிக்கொண்டார். அவன் எதிரிலிருந்தானே.

நடந்ததில் பாதியை மட்டும் மனைவியிடம் சொன்னான். பாட்டிக்குப் பவர் கூடியிருக்கிறது, லென்ஸ் மாற்றவேண்டும் என்றான். “அப்ப நல்ல ஃபிரேமாப் போட்டுக் குடுங்க. ஞாயித்துக்கிழமை எல்லாரையும் கூப்பிட்டு, நீங்க மாட்டிவிடற மாதிரி ஒரு போட்டோ எடுத்துக் கடையில வைக்கலாம். நல்லா இருக்கும்ல?” என்றாள். அவளும் நல்லதை நினைத்துத்தான் சொன்னாள்.

“போட்டோ வேண்டாம்.”

“ஏன், நேத்துதானே அவ்வளவு பேசினீங்க.”

“நேத்துப் பேசினதே போதும்,” என்றான். அவள் அவனை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனாள்.

லென்ஸ் வந்துசேர்ந்த அன்று, வாடிக்கையாளர்களை மதியத்துக்கு மேல் வரச்சொல்லிவிட்டு, கதவைப் பாதி இறக்கிக்கொண்டு உட்கார்ந்தான். பாட்டியின் பழைய ஃபிரேமையே ‘திருகு தளர்ந்திருக்கு’ என்று சொல்லி வாங்கிவந்திருந்தான். விளிம்புகளைத் தேய்த்தான். வழக்கமாகப் பாட்டுக் கேட்டபடி செய்கிற வேலை. அன்று வானொலியைத் தொடவில்லை. உதடு மட்டும் அசைந்தது. அவன் கடவுளிடம் எதையும் கேட்கவில்லை. செய்ததைச் சொல்லிக்கொண்டிருந்தான்.

பொருத்தி முடித்த பிறகும் நம்பிக்கை வரவில்லை. எழுந்துபோய், பாட்டி உட்கார்ந்த நாற்காலியில் அவனே உட்கார்ந்தான். அவர் பார்த்த பக்கமே பார்த்து, ஃபிரேமைத் தன் முகத்துக்கு நேரே பிடித்தான். பாட்டியின் வலது இப்போது அவனுக்கும் வலது. கனமான லென்ஸ் அங்கேதான் இருந்தது. துடைத்தான், மறுபடி துடைத்தான்.

மேலே போனபோது மனைவி கடைத்தெருவுக்குப் போயிருந்தாள், குட்டி பள்ளிக்கூடத்தில். குளியலறையில் தண்ணீர் விழும் சத்தமும், பாட்டி தனக்குத் தானே ஏதோ முணுமுணுப்பதும் கேட்டது. கட்டிலருகே இருந்த சின்ன மேசையில் சீப்புக்குப் பக்கத்தில், வழக்கமான இடத்தில், வழக்கம்போல மடித்து, கண்ணாடியை வைத்தான்.

யாருக்குக் கண்ணாடி கொடுத்தாலும், போட்டுப் பார்க்கும் அந்த முதல் விநாடியில் அவர்கள் முகம் மலர்வதைப் பார்க்காமல் விடமாட்டான். இந்தத் தொழிலில் அவனுக்கு உண்மையான கூலி அதுதான். பாட்டியின் முகம் எப்படி மலரும் என்று நினைத்துப் பார்த்தான். தான் நின்றால், அவர் தனக்காகத்தான் போடுவார், தனக்காகத்தான் சிரிப்பார் என்பதும் நினைவுக்கு வந்தது.

தண்ணீர் நின்றது. தாழ்ப்பாள் நகரும் சத்தம் கேட்பதற்குள், செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, காலடி கேட்காதபடி படியிறங்கிப் போனான்.