குதிரை ஊசி

விடிவதற்கு முன்பே லாயத்தில் வேலை தொடங்கிவிடும். வெயில் ஏறினால் குதிரைக்கு வேர்க்கும். வேர்த்த குதிரை மிரளும். மிரண்ட குதிரையின் கழுத்தில் ஊசி நிற்காது. ஆகவே சேரப்பணஞ்சேரியைத் தாண்டி ஒரகடத்துக்குப் போகும் சாலையில் இருந்த அந்தச் சீரம் கம்பெனியில், நாற்பத்திரண்டு பேரும் ஐந்து மணிக்கே முழங்கால்வரை சாணி தெறிக்க நின்றிருப்பார்கள். அது 1979-ஆம் வருஷம். சுற்றுவட்டாரத்தில் அதற்குக் குதிரைக் கம்பெனி என்றுதான் பெயர்.

ஒருவன் குதிரையின் மேலுதட்டைக் கயிற்றால் முறுக்கிப் பிடிப்பான். ஒருவன் சிரைத்த கழுத்தில் அயோடின் தடவுவான். பென்சில் தடிமனுள்ள ஊசி உள்ளே இறங்கியதும் ரப்பர்க் குழாய் வெதுவெதுப்பாகித் துடிக்கும். எட்டு லிட்டர் பாட்டில் நிறையும்வரை அதைக் கையால் சுழற்றிக்கொண்டே இருக்க வேண்டும். நிறுத்தினால் ரத்தம் உறைந்து எல்லாம் வீண். மூன்று பாட்டில் பிடித்தவனின் தோள்பட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிடலாம் போலிருக்கும்.

அந்தக் குதிரைகளுக்கு டெட்டனஸ் விஷத்தை முதலில் துளியாகவும் பிறகு கூடுதலாகவும் ஏற்றி வந்தார்கள். விஷத்தை முறிக்கும் எதிர்ப்பொருளைக் குதிரையின் உடம்பே செய்துகொள்ளும். அதைப் பிரித்தெடுத்துக் குப்பியில் அடைத்தால், துருப்பிடித்த ஆணியை மிதித்தவனுக்கு உயிர் காக்கும் மருந்து. அடிபட்ட தொழிலாளிக்கெல்லாம் கம்பெனி அந்த ஊசியை இலவசமாகப் போட்டுவிடும். கெடு தேதி நெருங்கிய குப்பிகள் அவை. ஆனாலும், “நம்ம குதிரை, நம்ம மருந்து” என்பதில் எல்லோருக்கும் ஒரு பெருமை இருந்தது.

ஜெகநாதனுக்கு லாயத்தில் நோட்டு எழுதும் வேலை. எந்த எண் குதிரை, காய்ச்சல் எத்தனை டிகிரி, எத்தனை லிட்டர், எத்தனை மணி. காஞ்சிபுரத்துப் பிள்ளை, இருபத்துமூன்று வயது. படப்பையில் அறை எடுத்துக்கொண்டு, சாயங்காலம் பஸ் பிடித்துத் தாம்பரத்தில் மாலை வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தான். எழுதியதை மூன்று தரம் சரிபார்ப்பான். அப்புறமும் சந்தேகமாக இருக்கும்.

தாவீது எட்டாவதோடு நின்றவன். ஆனால் இரண்டு பேரை உதைத்துக் கீழே தள்ளிய முப்பத்தொன்றாம் எண் குதிரை, அவன் வந்தால் அவன் தோளில் தாடையை வைத்துக்கொண்டு சும்மா நிற்கும். உதட்டுக் கயிறுகூட வேண்டாம். “ராசா, ஆச்சுடா, தோ ஆச்சு” என்று அவன் சொல்லிக்கொண்டிருக்க, பாட்டில் நிறைந்துவிடும். ஆராய்ச்சி அறையிலிருந்து டாக்டர் ஜெயம் வந்து பார்க்கும்போதெல்லாம் அவர் கண் அந்தக் கழுத்தையும் அந்தக் கையையும்தான் பார்த்தது. பக்கத்தில் நோட்டும் பேனாவுமாக நின்றவனைப் பார்க்கவில்லை. ஜெகநாதன் அதையும் கணக்கு வைத்திருந்தான். ஒரு காலையில் “தாவீது” என்று ஏழு தரம்; “ஜெகநாதன்” என்று ஒரு தரம்கூட இல்லை.

டாக்டர் ஜெயத்தின் ஆராய்ச்சியே அந்த மருந்தைப் பற்றியதுதான். ஒருவனைக் காப்பாற்றும் குதிரை சீரம் இன்னொருவனுக்கு ஏன் விஷமாகிறது, அவன் ரத்தத்தில் என்ன நடக்கிறது என்று கண்ணாடித் தட்டுகளில் தேடிக்கொண்டிருந்தார். மாசி மாதம் அவருக்கு ஓர் உதவியாள் தேவைப்பட்டது. ஜெகநாதன் நான்கு தரம் திருத்தி எழுதி மனுக் கொடுத்தான். இடம் தாவீதுக்குப் போயிற்று. லாயத்து வேலை முடிந்த பிறகு பிற்பகலில் அவன் அங்கே போக வேண்டும்.

வெட்கத்தை விட்டு ஜெகநாதன் காரணம் கேட்டான். டாக்டர் ஒளிக்காமல் சொன்னார்: “முப்பத்தொண்ணுக்கு ஊசி போட்ட எடம் வீங்கறது, பன்னெண்டுக்கு ஏன் வீங்கலேன்னு தாவீது வந்து கேட்டார். நீங்க ரெண்டையும் சரியா எழுதியிருந்தீங்க. கேக்கலை.”

அந்த வார்த்தை நெருஞ்சி முள்ளாக உள்ளே இறங்கிக்கொண்டது. வகுப்பில் வாத்தியார் கரும்பலகையில் எழுதுவதைப் பார்த்தால் தாவீதின் முதுகுதான் தெரிந்தது. அன்றைக்கு ஜெகநாதன் லாயத்து நோட்டைத் திருப்பிப் பிடித்து, கடைசிப் பக்கத்திலிருந்து பின்னோக்கி எழுதத் தொடங்கினான். தலைப்பு: ‘தாவீது – குறைகள்’. தேதி, மணி, விவரம் என்று மூன்று கட்டம் போட்டான். பொறாமைப்படுவதிலும் அவனுக்கு ஓர் ஒழுங்கு இருந்தது.

‘மார்ச் 9, காலை 6.40. நேற்றுக் கையில் அடிபட்டுக் குதிரை ஊசி போட்டுக்கொண்டவன், இன்று உடம்பெல்லாம் தடிப்பு என்று சொறிந்துகொண்டு நின்றான். பத்து நிமிஷம் வீண்.’

‘மார்ச் 17. மூட்டு வலி, காய்ச்சல் என்று இரண்டு நாள் வரவில்லை. பாசாங்கு.’

‘ஏப்ரல் 21, காலை 5.30. லாயம் கூட்டும்போது ஓயாமல் தும்மல். குதிரை மிரண்டது.’

இப்படி நான்கு பக்கம். எழுதும்போது ஒரு சுகம். மூடி வைத்ததும் வாயில் கசப்பு. ஆராய்ச்சி அறை ஜன்னலோரம் ஒருநாள் வேண்டுமென்றே நின்று, உள்ளே டாக்டர் தாவீதுக்கு விளக்கிக்கொண்டிருந்ததைக் கேட்டான். குதிரையின் புரதம் முதல் தரம் மனித உடம்புக்குள் போகும்போது வெளியே ஒன்றும் தெரியாதாம். உடம்பு மட்டும் அதைக் குறித்து வைத்துக்கொள்ளுமாம். சிலர் உடம்பில் ஒருவகை எதிர்ப்பொருள் உண்டாகி, சில செல்களின்மேல் ஒட்டிக்கொண்டு காத்திருக்குமாம். அடுத்த தரம் அதே புரதம் வந்து தொட்டதும் அந்தச் செல்கள் உள்ளிருக்கும் ரசாயனத்தையெல்லாம் ஒரே நேரத்தில் கொட்டிவிடுமாம். தாவீது கேட்டான்: “அப்போ டெஸ்ட் ஊசி அதுக்குத்தானாம்மா?” அவனுக்குக் கேள்வி எப்படித்தான் வருகிறதோ என்று ஜெகநாதன் வயிறு எரிந்தது. விளக்கத்தைக் கேட்டானே தவிர, தன் நோட்டோடு அதைச் சேர்த்துப் பார்க்கவில்லை.

டெஸ்ட் ஊசி என்பது முன்கையில் ஒரு துளி மருந்தைப் போட்டு, பேனாவால் வட்டம் வரைந்து, அரை மணி காத்திருந்து தடிப்பு வருகிறதா என்று பார்ப்பது. மே மாதம் முதலாளி ராஜாமணி ஒரு சுற்றறிக்கை ஒட்டினார். ஆர்டர் கூடிவிட்டது, நம் ஆட்களுக்கு இந்த மருந்து பழக்கம்தான், இனி டெஸ்ட் இல்லாமல் நேராகவே போடலாம், அரை மணி மிச்சம். லாயத்தில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு குத்துக்கு இரண்டு குத்து எதற்கு என்றுகூடச் சிலர் சந்தோஷப்பட்டார்கள்.

ஜூன் பதினான்காம் தேதி கொள்ளுத் தொட்டியின் தகரம் தாவீதின் கெண்டைக்காலைக் கிழித்தது. விவரம் எழுத வேண்டியவன் என்பதால் ஜெகநாதன் கூடவே மருந்தறைக்குப் போனான். நர்ஸ் பெருந்தேவி மருந்தை ஊசியில் உறிஞ்சிவிட்டுச் சுவரிலிருந்த சுற்றறிக்கையைப் பார்த்தார். முன்னே போட்டபோது ஏதாவது பண்ணியிருக்கிறதா என்று கேட்டார்.

“அதெல்லாம் இன்னா சிஸ்டர், போட்டு வுடுங்க. அங்க பாட்டில் நிக்குது” என்றான் தாவீது.

மார்ச் ஒன்பது ஜெகநாதனுக்கு நினைவு வந்தது. தேதியும் மணியுமாக வந்தது. வாய் திறந்தான். சொன்னால் டெஸ்ட் என்று இவனுக்கு அரை மணி உட்கார்ந்து ஓய்வெடுக்கக் கிடைக்குமே என்று ஒரு கணம் தோன்றியது. வாயை மூடிக்கொண்டான்.

நான்கு நிமிஷம். உள்ளங்கை அரிக்கிறது என்றான் தாவீது. இருமினான். உதடு தடித்தது, கண் இடுங்கியது, மூச்சு விசில் போல ஒலித்தது. பெஞ்சிலிருந்து சரிந்து விழுந்தபோது அவன் நகங்கள் நாவல்பழ நிறம். பெருந்தேவி அலமாரியைத் திறந்தார், உயிரைத் திருப்பும் அட்ரினலின் மருந்து இல்லை. ஜெகநாதன் ஓடினான். தன் அறையிலிருந்த குப்பியோடு டாக்டர் ஜெயம் வந்து தொடையில் ஊசியை இறக்கினார். மூச்சு திரும்பியது. கம்பெனி வேனில் பட்டணத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

ஒன்பதாம் நாள் முதலாளி ஜெகநாதனைக் கூப்பிட்டனுப்பினார். நாற்காலியைக் காட்டினார், அதுவே புதிது.

“தாவீதுக்குப் பொறவியிலயே மார்பு பலவீனம். மறைச்சு வேலைக்கு வந்துட்டான். அவனை நிப்பாட்டறோம்” என்றார். பிறகு தட்டச்சு செய்த ஒரு தாளை நகர்த்தினார். “இதுக்கு முன்னால ஊசி போட்டப்போ அவனுக்கு எந்தக் கோளாறும் வந்ததில்லேன்னு நீ கையெழுத்துப் போடணும். லாயத்து நோட்டு உன் பொறுப்புதானே? டாக்டரம்மா ரூம்லயும் எடம் காலி, தம்பி. படிக்கிற பையன் நீ. மொதல்லயே உனக்குத்தான் குடுத்திருக்கணும்.”

மொதல்லயே உனக்குத்தான். நாலு மாதமாக ஒருவர் வாயிலிருந்து வர வேண்டும் என்று அவன் ஏங்கிய வார்த்தை. அது காதில் விழுந்தபோது அவன் நெஞ்சு குளிர்ந்தது உண்மை. நாளைக் காலை கையெழுத்தோடு வருகிறேன் என்று தாளை வாங்கிக்கொண்டு வந்தான். வெளியே வந்து நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினான். தடிப்பு. காய்ச்சல். மூட்டு வலி. தும்மல். ஜன்னலோரம் கேட்டதெல்லாம் அங்கே தன் கையெழுத்திலேயே தேதிவாரியாக இருந்தது. மருந்தறைப் பதிவேட்டில் ‘ஊசி போடப்பட்டது’ என்பதற்கு மேல் ஒரு வரி கிடையாது. அந்த மனிதனின் உடம்பு கொடுத்த எச்சரிக்கைக்கு உலகத்தில் இருந்த ஒரே சாட்சி, அவன் பொறாமையில் போட்ட மூன்று கட்டம்தான்.

அதைக் காட்டினால் தலைப்பையும் காட்ட வேண்டும்.

பகல் சாப்பாட்டுக்கு எல்லோரும் கொள்ளு வேகும் அடுப்படியில் உட்காருவார்கள். நீக்கக் கடிதம் வாங்க வந்த தாவீது, வாட்ச்மேன் கண்டுகொள்ளாமல் விட, அங்கே ஒரு சாக்குமேல் சாய்ந்திருந்தான். கன்னம் ஒட்டிப் போயிருந்தது. சங்கம் வைக்க வேண்டும் என்று இரண்டு வருஷமாகச் சொல்லிவந்த கோதண்டம், கடிதத்தைப் படித்துவிட்டு, ஆதாரம் இல்லாமல் எதைப் பேசுவது என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

ஜெகநாதன் நின்றபடியே படித்தான். தலைப்பிலிருந்து படித்தான். ‘பாசாங்கு’ என்ற சொல் வந்த இடத்திலும் விடவில்லை.

“இத்த எதுக்குப்பா எழுதின?” என்றார் கோதண்டம்.

“பொறாமைலண்ணா.”

தாவீதுதான் கரகரத்த குரலில் பேசினான். “நாலு மாசமா என்னையே பாத்துகினு இருந்துகீறான். என் பொண்டாட்டிகூட இப்டிப் பாத்ததில்லை.” சிலர் சிரித்துவிட்டார்கள். தாவீது சிரிக்கவில்லை. “அன்னிக்கு சிஸ்டர் ரூம்ல நீ பக்கத்துலதான நின்ன ஜெகா? உனக்குத் தெரியும்ல?”

“தெரியும்.”

தாவீது முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னான்: “என்னோடத எழுதிட்ட. அதே மாதிரி மத்தவங்களோடதயும் எழுது.”

அதற்குப் பிறகு ஒவ்வொருவராக வாய் திறந்தார்கள். ஒருவனுக்கு ஊசி போட்ட வாரம் முட்டி வீங்கியிருந்தது. ஒருவனுக்குக் கண் மூடிக்கொண்டது. பூச்சி கடித்தது என்று நினைத்திருந்தான். சினைக் குதிரை பார்க்கும் முனியம்மாளுக்கு லாயத்துக்குள் நுழைந்தாலே இழுப்பு. ஒவ்வொருவரும் தனக்கு மட்டும் என்று நினைத்து வாயை மூடியிருந்தார்கள். நாற்பத்திரண்டு பேரில் பத்தொன்பது. ஜெகநாதன் தலைப்பை அடித்துவிட்டு எல்லோர் பெயரையும் எழுதினான். விஷயம் அறிந்தவராக டாக்டர் ஜெயம் கீழே கையெழுத்துப் போட்டார்.

கோதண்டமும் ஜெகநாதனும் கொண்டுபோய் வைத்த நோட்டை முதலாளி தொடவில்லை. “கூலிக்கு வர்றவன் ரத்தத்துல என்ன ஓடுதுன்னு நான் எப்படிய்யா பாக்கறது?” என்றார்.

“குதிரைக்குப் பாக்கறீங்களே மொதலாளி” என்றார் கோதண்டம். “காய்ச்சல் பாத்து எழுதினப்புறம்தான ஊசி? ரத்தம் எடுத்தா மூணு வாரம் ஓய்வு. அதுமாதிரி எங்களயும் குதிரையா நெனச்சா போதும்.”

“வேலைய நிறுத்தினா கம்பெனிய மூடிடுவேன்.”

“தாவீது வேலைல இருக்கணும். மருந்தறைல அந்த உயிர்மருந்து இருக்கணும். டெஸ்ட் ஊசி இருக்கணும். அடிபடாம இருக்கறப்பவே போட்டுக்கிற தடுப்பூசி ஒண்ணு கீதாமே, குதிரை சம்பந்தமில்லாம, அத்த எல்லாருக்கும் போடணும். அதுவரைக்கும் ரத்தம் எடுக்க மாட்டோம். குதிரைங்களுக்குத் தீனி வைப்போம், தண்ணி காட்டுவோம். அதுங்க மேல எங்களுக்கு ஒண்ணும் கோவம் இல்ல.”

ஜெகநாதன் கையெழுத்துப் போடாத தாளை மேசைமேல் வைத்தான்.

மறுநாள் ஐந்து மணிக்கு லாயம் கழுவியாயிற்று; கொள்ளு வைத்தாயிற்று. பிறகு தாவீது நீங்கலாக நாற்பத்தொரு பேரும் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு மருந்தறை வாசலில் வரிசையாக நின்றார்கள். யாருக்கு ஆபத்து என்று எழுத்தில் இருக்க வேண்டும் என்று கேட்டார்கள். பெருந்தேவி சுற்றறிக்கையைக் கிழித்து மடித்துப் பையில் போட்டுக்கொண்டார். வேலை போனாலும் போகட்டும் என்று சொல்லவில்லை, முகம் சொல்லியது. கனமான கோளாறு வந்தவர்களை விலக்கிவிட்டு, நீர்த்த மருந்தில் ஒரு துளி, லேசான கீறல். டாக்டர் ஜெயம் அட்ரினலின் குப்பியோடு பக்கத்தில் நின்றார்.

முதல் கை ஜெகநாதனுடையது. இரண்டாவது ஆளுக்கு வட்டம் வரைவதற்குள் வரிசையில் எல்லோரும் வெளிவாசல் பக்கம் திரும்பிவிட்டார்கள். உள்ளே விடாததால் தாவீது கம்பிக்கு அப்பால் நின்றிருந்தான். அவன் குரல் கேட்டு முப்பத்தொன்று லாயத்திலிருந்து கனைத்தது. நாற்பது முகத்திலும் ஒரு வெளிச்சம். தான் வந்தபோது வராத வெளிச்சம் அது என்று ஜெகநாதன் கவனித்தான். முள் உள்ளேதான் இருந்தது. இருக்கட்டும் என்று கடிகாரத்தைப் பார்த்தான்.

வட்டத்துக்குள் அரிப்பெடுத்தது. தோல் சிவந்து, கொசுக்கடி போல மேடிட்டு, மைக்கோட்டைத் தொட்டது. இரண்டு வருஷம் லாயத்தில் நின்றதையும், ஒரு தரம் போட்டுக்கொண்ட குதிரை ஊசியையும் அவன் உடம்பும் குறித்துத்தான் வைத்திருந்தது. சொறியாமல், நோட்டில் தாவீதின் பெயருக்குக் கீழே தன் பெயரை எழுதினான். ‘தடிப்பு.’

சாலையில் முதலாளியின் கார் ஹாரன் கேட்டது. பின்னாலேயே போலீஸ் ஜீப்பும் வந்தது. வரிசை கலையவில்லை. நீட்டிய கையை யாரும் மடக்கவில்லை.

கம்பிக்கு அப்பாலிருந்து தாவீது கேட்டான்: “எத்தினி நிமிஷம் ஆச்சு ஜெகா?”

“பதினொண்ணு.”

“இன்னும் பத்தொம்பது கீது” என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னான் தாவீது. “நில்லுங்க.”