அமிர்தத்தின் பேரில் லைசென்ஸ்

முனிசிபாலிட்டி டாக்டர், பிச்சமுத்துவைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லிவிட்டு, அவருடைய வலது புறங்கையில் குண்டூசியால் குத்தினார். குத்தியதும் சொல்ல வேண்டும் என்பது ஏற்பாடு. பிச்சமுத்து முகத்தை இறுக்கிக்கொண்டு காத்திருந்தார். ஊசி மூன்று இடத்தில் இறங்கி ஏறியது. பக்கத்தில் நின்ற மனைவி அமிர்தம் ஒவ்வொரு குத்தையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்ப வேணாலும் குத்துங்க டாக்டர். நான் தயாராத்தான் இருக்கேன்" என்றார் பிச்சமுத்து.

காந்தி மார்க்கெட் வாசலில் பதினோரு வருஷமாக அவர்களுக்கு இட்லிக்கடை. பலகைத் தடுப்புக்கு முன்னால் கடை, பின்னால் குடித்தனம். காகிதம் எதுவும் இல்லாமலே ஓடிய கடைக்கு, இந்த வருஷம் லைசென்ஸ் எடுக்காவிட்டால் பூட்டுதான் என்று சானிட்டரி இன்ஸ்பெக்டர் ஹபீபுல்லா சொல்லிவிட்டுப் போயிருந்தார். சமைக்கிறவருக்குத் தொத்துவியாதி இல்லை என்று டாக்டர் எழுதிக் கொடுத்தால்தான் லைசென்ஸ். இதென்ன பிரமாதம் என்று இருவரும் வெளுத்த துணி உடுத்திக் கிளம்பி வந்திருந்தார்கள்.

ஆவி பறக்கும் இட்லித் தட்டை வெறுங்கையால் தூக்குகிற ஆள் பிச்சமுத்து. அதைப் பார்ப்பதற்கென்றே மூட்டை தூக்குகிறவர்கள் அடுப்புக்கு எதிரே இடம் பிடித்து உட்காருவார்கள். பத்து வருஷம் அடுப்படியில் வெந்தால் கை காய்த்துப் போகும், அது தொழில் பழக்கம் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அமிர்தத்துக்கு அதில் கொள்ளைப் பெருமை. புது ஆள் வந்தால், எங்க வீட்டுக்காரர் கையைப் பாருங்க என்று அவளே கூப்பிட்டுக் காட்டுவாள். மத்தியானம் கடை ஒழிந்ததும் அந்தக் கையின் கொப்புளங்களுக்குத் தேங்காயெண்ணெய் தடவுகிறவளும் அவள்தான். எரிகிறதா என்று கேட்டால் இல்லை என்பார். தான் வருத்தப்படக் கூடாதென்று பொறுத்துக்கொள்கிறார் என நினைத்து உருகிப் போவாள். மணிக்கட்டுக்கு மேலே வெளுத்திருந்ததைத் தேமல் என்று மஞ்சள் அரைத்துப் பூசியவளும் அவளே. பாவி, பாவி என்று இப்போது தன்னையே திட்டிக்கொண்டாள்.

டாக்டர் நல்ல மனுஷர். நோயின் பெயரை ஒருமுறைதான் சொன்னார், அதையும் தணிந்த குரலில். மாத்திரை இருக்கிறது, வருஷக்கணக்கில் விடாமல் சாப்பிட்டால் குணமாகும் என்றார். ஆனால் சான்றிதழில் கையெழுத்துப் போட மாட்டார். அமிர்தத்தைச் சோதித்துவிட்டு, அவள் பேரில் லைசென்ஸ் வாங்கிக்கொள்ளலாம் என்றார். ஒன்றுதான், குணமாகும்வரை சமையல் நடக்கிற இடத்தில் பிச்சமுத்து குடியிருக்கக் கூடாது. இருப்பதோ ஒரே கூரை. நோயைச் சொன்னால் யார் வேறு வீடு கொடுப்பார்கள்?

அடுத்த அறையில் குமாஸ்தா லைசென்ஸ் மனுவுக்கு ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார். கடைக்குள் வேறு யார் குடியிருப்பது என்று வந்தபோது அமிர்தம் திரும்பிப் பார்த்தாள். வராந்தாவில் பிச்சமுத்து, சுவரில் ஒட்டியிருந்த நோட்டீசை வாசிப்பதுபோல நின்றார். அவருக்கு எழுத்து தெரியாது.

"யாருமில்லைங்க. நான் மட்டும்தான்" என்றாள்.

சத்திரம் பஸ் நிலையத்துக்கு நடந்தார்கள். திருவெள்ளறையில் தம்பியின் வயற்காட்டுக் கொட்டகையில் படுத்துக்கொள்வதாகப் பிச்சமுத்து சொன்னார். தம்பியிடம் என்ன காரணம் சொல்வது என்று இருவருக்கும் தெரியவில்லை. கடை போனால் போகட்டும், நானும் வரேன் என்று சொல்ல அமிர்தத்துக்கு நாக்கு நுனிவரை வந்தது. கடை போனால் இரண்டு வயிறும் காயும். வந்ததை விழுங்கினாள். விழுங்கியதற்காகத் தன்மீதே வெறுப்பாக இருந்தது.

பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்ததும், "மாவு புளிச்சிரும். நீ கெளம்பு அமிர்தம்" என்றார்.

அவள் கிளம்பவில்லை. பிச்சமுத்து தோளில் கிடந்த துண்டை எடுத்து, தன் இரண்டு கைகளையும் சேர்த்துச் சுற்றி மடியில் வைத்துக்கொண்டார். அமிர்தம் ஜன்னல் வழியாகச் சில்லறை கொடுக்க, கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துப் பிச்சமுத்துவிடம் நீட்டினார். கை வெளியே வரவில்லை. முகவாயை அசைத்துச் சட்டைப்பையைக் காட்டினார். கையில் அடிபட்டிருக்கிறது என்று நினைத்தாரோ என்னவோ, கண்டக்டர் குனிந்து டிக்கெட்டைப் பையில் செருகி, அவர் தோளை ஆதரவாகத் தட்டினார். அந்தத் தட்டுக்குப் பிச்சமுத்து ஜன்னல் கம்பியோடு ஒண்டினார், இன்னும் ஒண்டினார், அதற்குமேல் நகர இடமில்லை.