குத்துப்பாட்டுக்காரியின் படம்

வட்டவளை வாசிகசாலைச் சுவரில் மலையகக் கலைஞர்களின் படங்கள் இருக்கின்றன. பாடகி தர்ஷிகாவின் படத்தையும் அங்கே மாட்டலாமா என்று கூட்டம் போட்டோம். பலசரக்குக் கடை யோகேஸ்வரன் அண்ணன் துள்ளி எழுந்தார்.

"கல்யாண வீட்டுக் குத்துப்பாட்டுக்கெல்லாம் மரியாதையா? அந்தப் பாட்டு லட்சணத்தக் கேளுங்க!" என்று நக்கலாகப் பாடிக் காட்டினார். "வட்டவளை ரயிலு வந்தா வாடி புள்ள ஏறிப்போம்..."

கேலிக்குத்தான் தொடங்கினார். ஆனால் நிறுத்தவில்லை. இரண்டாம் சரணமும் ஒரு சொல் பிசகாமல் வந்தது. பின்வரிசையில் கைதட்டல் கிளம்பியது. அவர் மனைவி சிவகாமசுந்தரி அக்காவும் சேர்ந்துகொள்ள, கூட்டமே மேசையைத் தட்டிப் பாடியது.

பாடி முடித்தபோது அவருக்கு மூச்சு வாங்கியது.

"என்னண்ணே, முழுசா பாடிட்டீங்க!" என்றேன்.

"பெரிய படமா மாட்டுங்க" என்றார், முகமெல்லாம் சிரிப்பாக.