புதன்கிழமைச் சவரம்

பாட ஆரம்பித்த பன்னிரண்டாவது நிமிடத்தில், பதினோரு பேரின் கைநடுக்கமும் அவர்களை விட்டு இறங்கி, பாடாமல் சும்மா உட்கார்ந்திருந்தவர்கள் மேல் ஏறிக்கொண்டது. பார்க்கின்சன் நோய்க்குச் சேர்ந்து பாடுவது நல்லது என்று டாக்டர் சொல்லி, பாத்திரக்கடை மாடியில் நோயாளிகள் கூடிய முதல் புதன்கிழமை அது. துணைக்கு வந்த மனைவிமார் கையிலிருந்த டீ பாதி மடியில் போயிற்று. பாட்டு நின்றதும் நடுக்கம் அவரவரிடம் ஒழுங்காகத் திரும்பிவிட்டது. பிறகு வந்த வாரங்களில் ஒரே ஒரு தடவை தபால்காரருடையது கணக்கு வாத்தியாருக்குப் போய், இருவரும் மறு வாரம் வந்து, தேய்மானம் பற்றிக் கொஞ்சம் சண்டை போட்டு, மாற்றிக்கொண்டு போனார்கள். அதற்குள் மனைவிமாரும் பாடக் கற்றுக்கொண்டதால், நடுக்கம் மாடிப்படியில் செருப்புகளோடு காத்திருக்கப் பழகியது. டாக்டரிடம் சொன்னபோது அப்படி நடக்க வாய்ப்பே இல்லை என்றார்.

பதினோரு பேரில் ஒருவர் சலூன்காரர். கை ஆட ஆரம்பித்த மாதமே அவருடைய வாடிக்கையாளர்கள் அன்பாக நலம் விசாரித்துவிட்டு எதிர்க்கடைக்குப் போனார்கள். போகாதவர் தங்கை கணவரான மரக்கடைக்காரர் மட்டும்தான். "என் கழுத்தில் வேறு கத்தி படாது" என்று ஒரு விருந்தில் வீராப்பாகச் சொல்லிவிட்டார். சொன்னதை வாபஸ் வாங்கி அவருக்குப் பழக்கமில்லை. நான்கு வருடத்தில் தாடி இடுப்புக்கு வந்தது. அளவு நாடா அதற்குள் தொலைந்தது. ஒரு குருவி இரண்டு முறை குஞ்சு பொரித்தது. தங்கை அண்ணன் வாசலில் வந்து நின்றாள்.

"அண்ணா, வீட்டுல ஒண்ணு அந்தத் தாடி இருக்கணும், இல்ல நான் இருக்கணும். இந்த மாசம்தான் கெடு."

தங்கை குடும்பமும் கலையக்கூடாது, மிச்சமிருக்கும் ஒரே வாடிக்கையாளரும் போகக்கூடாது. அடுத்த புதன்கிழமை சலூன்காரர் அவரை மாடியில் உட்காரவைத்து, தாடியைக் கத்தரியால் வெட்டித் தள்ளி, சோப்பு தடவி, மற்றவர்களோடு தானும் பாடிக்கொண்டே கத்தியை எடுத்தார். கை ஆணி அடித்ததுபோல் நின்றது. ஆனால் வாய்மூடி உட்கார்ந்திருக்கும் ஆளைப் பார்த்த நடுக்கம், படியேறி வந்து மரக்கடைக்காரரின் தாடையில் உட்கார்ந்துகொண்டது.

"மாப்ளே, வாயும் தெறக்கக்கூடாது, பாட்டும் வரணும். முனகுங்க!"

"உங்க தங்கச்சியைக் கட்டின நாள்லேர்ந்து அதைத்தானே மச்சான் பண்றேன்!"

முனகினார். இடம் பறிபோன நடுக்கம் அறையைச் சுற்றிப் பார்த்தது. அன்றைக்கு நேரில் வந்து மூலையில் நின்ற டாக்டர் மட்டும்தான் பாடாதவர். பதினோரு பேருடையதும் மொத்தமாக அவர் மேல் இறங்க, அப்படி எதுவும் நடக்கவில்லை என்று அவர் நோட்டில் எழுதி முடித்தார். டாக்டர் கையெழுத்து என்பதால் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

சவரம் சுத்தமாக அமைந்தது, இடது கன்னத்தில் ஓரிடம் தவிர. வாராவாரம் கத்தி அங்கே வரும்போதெல்லாம் மரக்கடைக்காரருக்குச் சுருதி விலகும், தாடை ஒரு துள்ளு துள்ளும், சலூன்காரர் கத்தியைத் தூக்கிவிடுவார். ஐந்து மணிக்குப் பாட்டு முடிந்து சலூன்காரரின் கை மறுபடி ஆடத் தொடங்கியதும், மரக்கடைக்காரர் மச்சானின் டீயைத் தான் பிடித்துக்கொள்வார். இப்படியே ஆறு வருடம் ஆகிறது. விட்டுப்போன அந்தக் கொத்து இன்று நாடா அகலத்தில் இடுப்புவரை தொங்குகிறது. கடையில் பென்சில் கட்டிவைக்க வசதியாயிருக்கிறது என்று தங்கையும் விட்டுவிட்டாள்.