கெண்டை மீன் அடித்த ஷாக்

ஜப்பானின் நீகாத்தா நகரில் இருபது வருடமாக மின்வேலை செய்யும் மிட்சுயோ, போகிற வீட்டிலெல்லாம் சொல்வாள்: "முதல்ல ப்ளக்கப் பிடுங்குங்க, அப்புறம் தண்ணியில கை வைங்க." அவள் வீட்டுத் தோட்டத்திலோ, சின்ன மீன்குளத்துப் பம்புக்கும் தோட்ட விளக்குகளுக்கும் போகிற ஒயரின் இணைப்பு, வெறும் டேப் சுற்றிக் குளத்தோர ஈர மண்ணில் கிடந்தது.

ஒரு ஞாயிறு காலை பம்பு நின்றுவிட்டது. அடைப்பாக இருக்கும் என்று நேரே தண்ணீருக்குள் கையை விட்டாள். விரலை எதுவோ வெடுக்கென்று இழுத்தது. "ஐயோ, ஷாக்!" என்று அலறிப் பின்னாலிருந்த பூப்புதரில் தொப்பென்று விழுந்தாள்.

"எப்படி அடிக்கும்? ப்ளக் என் கையில இருக்கு," என்றார் சோயாப் பனீரான தோஃபு விற்கும் கணவர் ஷிகெஹாரு. "இணைப்பு சரிஞ்சு தண்ணியில கெடக்குதேன்னு நான்தான் பிடுங்கினேன். உன் விரலச் சப்புனது கெண்டை மீனு."

"மீனாவது கேட்டுச்சே, லைசன்ஸ் எங்கடீன்னு," என்று தலையிலிருந்து இலைகளைத் தட்டினாள் மிட்சுயோ.

மதியத்துக்குள் இணைப்பைச் சுவரில் உயரமாக, தண்ணீர் புகாத பெட்டிக்குள் ஏற்றினாள். மின்கசிவு வந்தால் தானே அணைகிற பிரேக்கரையும் பொருத்தினாள்.

"பாத்துச் சொல்லுங்க."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பெட்டியை இரண்டு தரம் தட்டிப் பார்த்தார். "பாஸ்!"

லைசன்ஸ் வாங்கிய அன்றுகூட அவள் அப்படிக் குனிந்து கும்பிட்டதில்லை.